2 எம்பிக்குள் அடங்காத கடிதங்கள்

துபாய்க்குப் போன மகன் 2000-ல் அனுப்பிய கடிதம் இன்று எந்த வீட்டிலாவது இருக்கிறதா? 1975-ல் சிங்கப்பூரிலிருந்து வந்த நீலநிற ஏரோகிராம் பரணில் பத்திரமாக இருக்கும். ஹாட்மெயிலில் வந்தவைதான் போன இடம் தெரியவில்லை.

1996 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினத்தன்று அந்தச் சேவை தொடங்கியது. அதுவரை மின்னஞ்சல் என்பது இணைய இணைப்பு வாங்கியவருக்கோ, கம்பெனியிலோ கல்லூரியிலோ இருந்தவருக்கோதான். இது இலவசம், எந்தக் கணினியிலிருந்தும் திறக்கலாம். சொந்தமாகக் கம்ப்யூட்டர் இல்லாமல் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து உட்கார்ந்தவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அனுப்பும் ஒவ்வொரு மடலின் அடியிலும், நீங்களும் இலவசமாகச் சேரலாம் என்று ஒரு வரி தானாக ஒட்டிக்கொண்டது. விளம்பரத்துக்கு ஆள் வைக்கவில்லை, நாமே செய்தோம். 1997 முடிவதற்குள் 85 லட்சம் பேர் சேர்ந்தார்கள். அந்த டிசம்பரில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனம் அதை வாங்கியது. விலை சுமார் 40 கோடி டாலர் என்று அன்று பேசிக்கொண்டார்கள்.

தமிழ் எழுத்துரு ஒரு கணினியில் தெரிந்தால் இன்னொன்றில் கட்டங்களாகத் தெரிந்த காலம் அது. அதனால் தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டினோம். தட்டத் தெரியாத அப்பாக்கள் சொல்லச் சொல்ல, சென்டர் பையன் அடித்துக் கொடுத்தான். கடன் அடைந்தது, தங்கைக்கு வரன் பார்த்தது, அம்மாவின் சர்க்கரை அளவு என ஒரு குடும்பத்தின் சரித்திரமே அதில் இருந்தது.

பெட்டியின் கொள்ளளவோ வெறும் 2 எம்பி. ஸ்கேன் செய்த கல்யாணப் போட்டோ ஒன்றிரண்டு வந்தாலே நிரம்பிவிடும். அடுத்த மடலுக்கு இடம் வேண்டுமே என்று பழைய கடிதங்களை நம் கையாலேயே அழித்தோம். இலவசக் கணக்கை ஒரு மாதம் திறக்காமல் விட்டால் உள்ளே இருந்ததெல்லாம் போய்விடும் என்ற விதியும் ஒரு காலத்தில் இருந்தது. ஊருக்கு வந்தவர், படுக்கையில் விழுந்தவர், செலவுக்குக் காசில்லாதவர் யாருக்கும் விலக்கில்லை.

ஓசியில் கிடைத்ததற்கு இவ்வளவு ஆதங்கமா, பரணிலும் கரையான் அரிக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. அரிக்கும்தான்.

2004 ஏப்ரல் 1-ல் போட்டிச் சேவை ஒன்று 1 ஜிபி தருவதாக அறிவித்தபோது பலர் முட்டாள்கள் தின வேடிக்கை என்றே நினைத்தார்கள். ஹாட்மெயிலும் 250 எம்பி வரை ஏற்றிப் பார்த்தது. அதற்குள் இளவட்டங்கள் இடம் மாறத் தொடங்கிவிட்டார்கள். கடைசியில் 2013-ல், 30 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளைப் புதிய பெயருக்கு மாற்றி முடித்தார்கள். பழைய முகவரி இன்னும் செல்லும். ஆனால் 2000-ல் அழித்த கடிதம் திரும்பாது.

இப்போது குடும்பப் பேச்சு மொத்தமும் போன் செயலிகளுக்குள் நடக்கிறது. 2 எம்பி கவலை இல்லை என்பதால் யாரும் எதையும் எடுத்து வைப்பதும் இல்லை. அம்மாவின் குரல் பதிவுகள் அம்மாவின் போனில் மட்டுமே இருக்கும் வீடுகள் எத்தனையோ. அந்த போனின் பூட்டு எண் வேறு யாருக்காவது தெரியுமா?