கடற்படமும் கரைக்கோடும்



திருவொற்றியூரில் கடலோசை கேட்கும் தொலைவில் வாழ்பவன் நான். 2017ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதின. கசிந்த எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் கருஞ்சேறாகத் திரண்டது, தெற்கேயும் பரவியது. ‘அடுத்து எங்கே செல்லும்?’ என்பதே மீனவர்கள் அனைவரின் வினாவாயிற்று. இத்தகைய வினாக்களுக்கு விடை காணவே, ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் நீரோட்டங்களைக் கணித மாதிரிகளால் முன்னறிந்து கூறுகிறது. அவ்வகை மாதிரிகளின் எண்களைப் படமாக வரையும்போது, கரையோரத்தில் நேரக்கூடிய பிழை ஒன்றையும் அதனைக் களையும் முறையையும் இன்று விளக்குவேன்.

கணிப்பொறி கடலைக் கட்டங்களாகப் பகுத்துக்கொண்டு, கட்டத்துக்கு ஓர் எண்ணைத் தருகிறது. கட்டத்தின் பக்கம் ஒரு பாகையின் பன்னிரண்டில் ஒரு பங்கு எனின், அஃது ஏறத்தாழ 9 கிலோமீட்டர். எண்ணூர் முதல் காசிமேடு வரையுள்ள கரை இரண்டு கட்டங்களுள் அடங்கிவிடும்! ஆகவே வளைந்த கரை அப்படத்தில் படிக்கட்டாகத் தோன்றும். நிலத்தின்மேல் விழும் கட்டங்களுக்குக் கடலின் எண் ஏது? அங்கே ‘மதிப்பு இல்லை’ என்று மறைப்புக் குறி இடுவர்.

தேர்வுக்கு வராத மாணவனுக்குப் பூச்சியம் இட்டு வகுப்பின் சராசரியைக் கணக்கிட்டால் என்ன ஆகும்? நன்கு எழுதியவர்களின் சராசரியும் தாழ்ந்துவிடும். கடற்படத்திலும் அதுவே நிகழ்கிறது. கரையோரத்தில் மூன்று கடற்கட்டங்களின் வெப்பநிலை 28 பாகை, நான்காவது நிலக்கட்டம். அதற்குப் பூச்சியம் கொண்டால் சராசரி 21 ஆகிவிடும். இல்லாத குளிர்நீர் ஒன்று கரையெங்கும் ஓடுவதாகப் படம் பொய் கூறும்.

நிலக்கட்டங்களை அறவே விலக்கினாலோ, வண்ணம் கரையை எட்டாமல் நின்றுவிடும். இடையே வெண்பட்டை ஒன்று எஞ்சும். மீனவரின் சிறுபடகு செல்லும் இடமே அதுதான்!

இதற்கு மூன்று படிகளில் பரிகாரம் உண்டு. முதலில், கரையை அடுத்த நிலக்கட்டங்களை அண்மைக் கடற்கட்டத்தின் எண்ணால் நிரப்புக. அடுத்து, சமவெப்பக் கோடுகளையும் வண்ணங்களையும் வரைக. இறுதியாக, உண்மையான கரைக்கோட்டை எல்லையாகக் கொண்ட நிலத்தின் வடிவத்தை அவற்றின்மேல் போர்த்துக. படிக்கட்டும் மறையும், வெண்பட்டையும் மறையும்.

ஆனால் நிரப்பிய எண் ஊகமேயன்றிக் கணித்த எண் அன்று. கொசத்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகம் இக்கட்டங்களைவிடக் குறுகியது. அங்கே தோன்றும் வண்ணத்தை ஆற்றுநீரின் இயல்பென்று கொண்டால் ஏமாறுவோம். ஆதலின் நிரப்பிய பகுதியை மெல்லிய சாய்கோடுகளால் குறித்து, படத்தின் அடியில் அதனைச் சொல்லிவிடுதல் வேண்டும். அழகான படம் வரைவது எளிது. அதனை நம்பிப் படகு இறக்குவோர் உளர் என்பதை மறவாமல் வரைவதே கல்வி.