எஞ்சின் எழுதும் பதிவேடு

மோட்டார் வண்டி ஓட்டுவோர் பலர்; அதன் எஞ்சினுக்குள் நிகழ்வதை அறிய விரும்புவோர் சிலர். எஞ்சின் தானே எழுதித் தரும் பதிவேட்டைப் படிக்கத் தெரிந்தவரோ மிகச் சிலர். டர்போ பூட்டிய காரைத் தாழ்ந்த ஆக்டேன் பெட்ரோலுக்கு ஏற்பத் திருத்தி அமைக்கும்போது அப்பதிவேட்டை எங்ஙனம் படிப்பது என்பதே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள். பள்ளி ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என் பழைய மாணவர் ஒருவர் சென்னையில் மோட்டார் பட்டறை நடத்துகிறார். தொண்டூருக்கு வரும்போதெல்லாம் மடிக்கணினியைத் திறந்து இப்பட்டியல்களை எனக்கு விளக்குவார். மதிப்பெண் பட்டியல்களைப் பல்லாண்டு படித்துப் பழகிய என் கண்ணுக்கு அவை அயலாகத் தோன்றவில்லை.

டர்போ என்பது யாது? எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான வாயு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சில் உள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கிச் சிலிண்டருக்குள் செலுத்துகிறது. காற்று மிகுந்தால் பெட்ரோலும் மிகுதியாக எரியும், ஆற்றல் பெருகும். ஆனால் அமுக்கிய காற்று சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடித்த பின் பம்பின் அடியைத் தொட்டுப் பார்த்தவர் இதனை அறிவர்.

ஸ்பார்க் பிளக்கில் தோன்றும் தீப்பொறியிலிருந்து தீ ஒழுங்காகப் பரவவேண்டும். அது சென்று சேருமுன், மூலையில் எஞ்சிய கலவை சூட்டாலும் அழுத்தத்தாலும் தானே பற்றி வெடிப்பதுண்டு. இதனையே பட்டறைக்காரர் நாக்கிங் என்பர். கடுமையாகத் தொடர்ந்து நிகழ்ந்தால் பிஸ்டனே உடைந்துபோகும்.

இதனைப் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டுவது ஆக்டேன் எண். ஐசோ-ஆக்டேன் என்னும் திரவத்திற்கு 100 எனவும், ஹெப்டேன் என்பதற்கு 0 எனவும் வைத்து இவ்வளவுகோலை அமைத்தனர். 91 பங்கு ஐசோ-ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவை சோதனை எஞ்சினில் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தாங்கும் பெட்ரோலின் எண் 91.

இங்கே ஒரு பெரும் பள்ளம் இருக்கிறது. ஆக்டேனை அளக்க ஆர்.ஓ.என்., எம்.ஓ.என். என இரு முறைகள் உண்டு. நம் நாட்டில் குறிப்பது முதல் முறையின் எண். அமெரிக்கப் பங்குகளில் எழுதியிருப்பதோ இரண்டின் சராசரி. ஆதலின் அமெரிக்கரின் 91 நம் கணக்கில் ஏறத்தாழ 95 அல்லது 96 ஆகும். நம் நாட்டுச் சாதாரண பெட்ரோல் 91 ஆக இருந்த காலத்தில், இளைஞர் ஒருவர் கடன் வாங்கி வாங்கிய தம் காரில், '91-க்கு உரியது' என்ற அமெரிக்கத் திருத்தக் கோப்பை ஏற்றிக்கொண்டார். வண்டியைப் பரிசோதிக்குமாறு என் மாணவர் சொன்னபோது, "நன்றாகத்தானே ஓடுகிறது, அண்ணா?" என்றாராம். சில மாதங்களில் எஞ்சினைப் பிரித்தார்கள். பிஸ்டன் ஒன்று வளையம் பொருந்தும் இடத்தில் விண்டிருந்தது.

இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலின் எண் 95 என மத்திய அரசு 2025-இல் தெரிவித்தது. 100 எண்ணுடைய பெட்ரோலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2020-இல் விற்கத் தொடங்கியது. எனினும் எல்லா ஊர்ப் பங்கிலும் அதனை எதிர்பார்க்க இயலாது. 100-க்கெனத் திருத்திய வண்டி வழியில் 95-ஐ ஊற்றிக்கொள்ளும் நாள் வந்தே தீரும்.

அன்று நம் காது உதவுமா? நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழலும் எஞ்சின் ஒரு பாகை திரும்ப ஆகும் நேரம் ஒரு நொடியில் 18,000-இல் ஒரு பங்கு. நாக்கிங் தோன்றியதும் எஞ்சினில் பதித்த உணர்கருவி அதிர்வைக் கேட்கிறது, ஈ.சி.யூ. எனப்படும் கணினி தீப்பொறியைச் சில பாகை தாமதப்படுத்தி எஞ்சினைக் காக்கிறது. ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. பதிவேடு ஒன்றே அதனைக் காட்டும்.

பதிவேட்டில் எஞ்சின் சுழற்சி, டர்போ அழுத்தம், உட்செல்லும் காற்றின் சூடு, லாம்டா எனப்படும் கலவை அளவு, தீப்பொறிக் கோணம், ஒவ்வொரு சிலிண்டரிலும் செய்த தாமதம் ஆகியவை பத்திபத்தியாக இருக்கும். செஞ்சிக் கோட்டையில் ராஜகிரியின் காவலன் காண்பதைக் கிருஷ்ணகிரியின் காவலன் காணான். இருவர் சொல்லையும் சேர்த்துக் கேட்டவனே நிலைமையை அறிவான். அதுபோல ஒரு பத்தியை மட்டும் படிப்பவர் ஏமாறுவர். ஒரே வரிசையில் உள்ள எல்லா எண்களையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

உதாரணமாக இவ்வாறு கொள்வோம். மூன்று சிலிண்டர் எஞ்சின், சுழற்சி 3,000, டர்போ அழுத்தம் 1.2 பார், காற்றின் சூடு 45 டிகிரி சென்டிகிரேட். உயர்ந்த பெட்ரோலில் தாமதம் மூன்றிலும் 0. தாழ்ந்த பெட்ரோலில் அது 3, 4, 3 பாகை. உடனே மறுமுறை ஓட்டினால் காற்றின் சூடு 58. தாமதம் 5, 6, 5. எல்லாச் சிலிண்டரும் ஒன்றாகப் பின்வாங்குவதும், சூட்டோடு அது வளர்வதும் பெட்ரோலின் தாங்கும் திறன் போதவில்லை என்பதைக் காட்டுகின்றன. ஒரு சிலிண்டரில் மட்டும் தாமதம் என்றால், அதன் பிளக்கையோ பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரையோ முதலில் பாருங்கள். கியர் மாற்றும் கணத்தில் மட்டும் ஓர் எண் தோன்றி மறைந்தால் அது வேறு அதிர்வாகவும் இருக்கலாம். மீண்டும் மீண்டும் அதே இடத்தில் வருவதே சான்று.

கலவையைப் பார்க்கையில் லாம்டாவையே நம்புக. தூய பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று சரியான அளவு. இருபது விழுக்காடு எத்தனால் கலந்ததற்கு ஏறத்தாழ 13.5. ஆனால் எந்த எரிபொருளுக்கும் சரியளவைக் குறிக்கும் லாம்டா 1 தான். முழு அழுத்தத்தில் அது 1-க்குக் கீழே, பெட்ரோல் சற்று மிகுந்து, இருத்தல் வேண்டும்.

கணினிதான் காக்கிறதே, பின் என்ன கவலை என்பாரும் உளர். காவற்காரன் திருடனை விரட்டுவான் என்பதற்காக வாயிற்கதவைத் திறந்துவைப்பார் உண்டோ? தாமதித்து எரியும் வாயு மிகுந்த சூட்டுடன் வெளியேறி டர்போச் சக்கரத்தை வருத்தும். ஆதலின் முதலில் டர்போ அழுத்தத்தைக் குறையுங்கள். போதாவிடின் தீப்பொறியின் அடிப்படைக் கோணத்தைக் குறையுங்கள். ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, மீண்டும் பதிவு எடுங்கள். தாமதம் சுழியத்தை ஒட்டி நிற்கும் வரை இதனைச் செய்க. மார்கழிக் காலையில் எடுத்த பதிவு சித்திரை நண்பகலுக்குச் சான்றாகாது. வெயிலிலும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இறுதியாக ஒன்று. திண்டிவனம் - திருவண்ணாமலைச் சாலையில் மாட்டுவண்டியும் பள்ளிப் பிள்ளைகளும் செல்கின்றனர். முழு வேகச் சோதனைக்கு அது இடமன்று. உருளைமேல் வண்டியை நிறுத்திச் சோதிக்கும் பட்டறைகள் உள்ளன. இருங்காட்டுக்கோட்டையிலும் கோயம்புத்தூரிலும் பந்தயத் தடங்கள் உள்ளன. அங்கே சென்று பதிவெடுங்கள். வீட்டில் அமர்ந்து வரிவரியாகப் படியுங்கள். பதிவேடு இசையும் அளவுக்கு மேல் ஆற்றலை விரும்பாதீர்கள்.