லினக்ஸ் இயங்குதளத்தில் வணிகத் தரவுத்தளம்: மாமல்லபுரக் கடற்கரைக் கல்வெட்டுகளை முன்வைத்து

முன்னுரை

கட்டணமற்ற இயங்குதளத்தின்மீது விலைக்குரிய தரவுத்தள மென்பொருளை இயக்கும் வழக்கம் புதியதன்று. ஆரக்கிள் நிறுவனம் 1998-இல் தன் தரவுத்தளத்தின் லினக்ஸ் பதிப்பை வெளியிட்டது. நிறுவும் முறையை அந்நிறுவனத்தின் கையேடுகளே கூறுகின்றன. தமிழ், கிரந்த எழுத்துகளைச் சேமிக்கையில் எழும் சிக்கல்களையோ ஆய்வாளரே முன்கூட்டி எண்ண வேண்டியுள்ளது. அவற்றைச் செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரைக் கல்வெட்டுகளின்வழி இக்கட்டுரை விளக்குகின்றது.

இயங்குதளமும் உரிமமும்

லினக்ஸ் கட்டணமற்றது என்பதால் தரவுத்தளமும் கட்டணமற்றதாகிவிடாது. ஆரக்கிளின் இலவசப் பதிப்பான 21சி எக்ஸ்பிரஸ், பயனர் தரவுக்கு 12 ஜிபி வரம்பு விதிக்கின்றது. கல்வெட்டுப் பாடங்களுக்கு இது போதும். மைப்படிகளின் ஒளிப்படங்களைத் தனிக்கோப்புகளாக வைத்து, அவற்றின் இருப்பிடத்தை மட்டும் தரவுத்தளத்தில் பதிவதே தக்கது.

எழுத்தும் பைட்டும்

‘செங்கல்பட்டு’ ஏழெழுத்துச் சொல். யூனிகோடில் உயிர்க்குறியும் புள்ளியும் தனிக் குறியீடுகளாதலின், அது 12 குறியீடுகளாகின்றது. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் கொள்ளும். ஆக, 36 பைட்டுகள். ‘மாமல்லபுரம்’ என்பதும் ஏழெழுத்தே. 11 குறியீடுகள், 33 பைட்டுகள். ‘வார்சார்2(30)’ என வரையறுத்த புலம், இயல்புநிலை அமைப்பில் பைட்டுகளையே எண்ணும். எனவே இவ்விரு ஊர்ப்பெயர்களும் அதில் ஏறா, பிழைச்செய்தியே கிட்டும். ‘30 சார்’ என வரையறுத்தால் குறியீடுகள் எண்ணப்படும். இரு பெயர்களும் ஏறும். ஆயினும் இப்புலத்தின் வழக்கமான உச்சவரம்பு 4000 பைட்டுகளே. அதில் ஏறத்தாழ 1333 தமிழ்க் குறியீடுகளே அடங்கும். நெடிய கல்வெட்டின் முழுப் பாடத்திற்குச் ‘சிலாப்’ எனும் பெரும்பனுவல் வகையே ஏற்றது.

கிரந்தமும் நாகரியும்

சாளுவன்குப்பம் அதிரணசண்டக் குடைவரையில் வடமொழிச் செய்யுட்கள் கிரந்தத்திலும் நாகரியிலும் வெட்டப்பட்டுள்ளன. கண்ணுக்கு இவை எழுத்து வேறுபாடு. தரவுத்தளத்திற்கு அளவு வேறுபாடும் ஆகும். நாகரிக் குறியீடு 3 பைட்டுகள் கொள்ளும். 2014-இல் யூனிகோடு 7.0-இல் சேர்க்கப்பட்ட கிரந்தக் குறியீடோ 4 பைட்டுகள் கொள்ளும். ஆரக்கிளில் ‘யுடிஎஃப்8’ எனப் பெயரிய பழைய குறியாக்கம் இத்தகைய குறியீட்டை இரண்டாகப் பிரித்து 6 பைட்டுகளில் வைக்கும். ஆதலின் ‘ஏஎல்32யுடிஎஃப்8’ என்பதையே தேர்தல் வேண்டும். இத்தேர்வு தரவுத்தளத்தை உருவாக்கும்போதே செய்யப்படுவது. பின்னர் மாற்றுதல் பெரும்பணியாகும்.

லினக்ஸ் முனையத்தில் ‘என்எல்எஸ்_லாங்’ எனும் சூழல்மாறியையும் இதற்கேற்ப அமைத்தல் வேண்டும். அமைக்காவிடின் பயனர் பக்கக் குறியாக்கம் ஆங்கில எழுத்துகளை மட்டும் அறிந்த ‘யுஎஸ்7ஆஸ்கி’ எனக் கொள்ளப்படும். அந்நிலையில் உள்ளிடும் தமிழ்ப் பாடம் சிதைந்தே பதிவாகும். சிதைந்ததை மீட்க இயலாது.

முடிவுரை

குறியாக்கம், புல அளவு, சூழல்மாறி ஆகிய மூன்றையும் முதற்பதிவுக்கு முன்னரே உறுதிசெய்தல் வேண்டும். ஊர்ப்பெயர், நெடும்பாடம், கிரந்தச் செய்யுள் ஆகியவற்றுள் ஒவ்வொன்றை உள்ளிட்டு, திரும்ப எடுத்து ஒப்பிட்டால் பிழை புலப்படும். முழுத் தரவையும் யுடிஎஃப்-8 உரைக்கோப்பாக அவ்வப்போது வெளியெடுத்து வைத்தலும் இன்றியமையாதது. உரிமமோ மென்பொருளோ மாறினும், போஸ்ட்கிரஸ் போன்ற கட்டற்ற தரவுத்தளத்திற்குப் பாடங்களைப் பெயர்க்க அதுவே வழிவகுக்கும்.