அந்தி வானமும் வழிகாட்டும் கோள்களும்

நாட்றாம்பாளையத்திலிருந்து அஞ்செட்டிக்குச் செல்லும் சாலையில், ஒரு நாள் அந்தி சாய்ந்த பின் எங்கள் வண்டி நின்றது. ஆசிரியையின் கைப்பேசி வரைபடமோ, நாங்கள் பக்கத்துக் கேழ்வரகுக் கொல்லைக்குள் நிற்பதாகக் காட்டியது! அனைவரும் சிரித்தோம். மலையில் பட்டுத் தெறிக்கும் அலையும் இப்படி ஏமாற்றும். ஆனால் வானத்திலேயே இன்னொரு காரணமும் உண்டு என்றார் ஆசிரியை. அதைத் தேடிப் படித்தோம்.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் வானொலி அலை வந்துசேரும் நேரத்தைக் கொண்டே கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒரு விநாடியை நூறு கோடிப் பங்காக்கி, அதில் பத்துப் பங்கு பிசகினாலும் 3 மீட்டர் தவறிவிடும். சூரியக் கதிர்கள் காற்றின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்து வைத்திருக்கும் உயர்ந்த பகுதியே அயனி மண்டலம். அதனூடே வரும்போது அலை தாமதிக்கிறது.

இத்தொல்லை நம் தென்னாட்டில் அதிகம். பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிச் செல்வதே காரணம். அங்கே பகலில் எலக்ட்ரான்கள் ஊற்றுப்போல் மேலெழும்பி, வடக்கிலும் தெற்கிலும் சரிந்து குவிகின்றன. இந்த வானத்தை ஆராயவே தும்பாவில் ஏவுதளம் அமைத்தார்கள். மீனவ மக்கள் விட்டுக்கொடுத்த புனித மரிய மதலேனாள் ஆலயமே அதன் முதல் அலுவலகம் என்பது நமக்கெல்லாம் மகிழ்ச்சியல்லவா? 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து புறப்பட்டது.

சூரியன் மறைந்ததும் கீழடுக்கில் எலக்ட்ரான்கள் விரைவில் குறைகின்றன. மேலடுக்கோ அடர்ந்தே நிற்கிறது. அப்போது, நீருக்கடியில் விட்ட எண்ணெய் மேலே வருவதுபோல், அடர்த்தி குறைந்த குமிழிகள் எழும்புகின்றன. அவற்றைக் கடக்கும் அலை விண்மீனைப்போல் மினுக்குகிறது; சில வேளை கருவி அதைத் தவறவிட்டும் விடுகிறது.

கொல்லைக்குள் காட்டினால் சிரிக்கலாம். தரையிறங்கும் விமானத்துக்கு? அதற்காகவே இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் 'ககன்' முறையை அமைத்தன. நாடெங்கும் உள்ள 15 நிலையங்கள் தங்கள் சரியான இடத்தை முன்பே அறிந்தவை. ஆகவே அலையின் பிசகை உடனே கண்டுகொள்கின்றன. நமக்கு அண்டையிலுள்ள பெங்களூரில் திருத்தம் கணக்கிடப்பட்டு, செயற்கைக்கோள் வழியே விமானத்துக்குப் போகிறது. 2022 ஏப்ரல் 28 அன்று ராஜஸ்தானின் கிஷன்கட்டில் ஒரு பயணிகள் விமானம் இம்முறையைக் கொண்டு இறங்கிக் காட்டியது.

ஆயினும் குமிழியால் அலையே அறுந்துபோனால் திருத்தத்தால் பயனில்லை. அவ்வேளையில் விமானி, தரையிலுள்ள பழைய வானொலிக் கருவிகளையே நாடவேண்டியிருக்கிறது.