சாம்பலும் சாம்பற் சத்தும்

பயிருக்கு வேண்டிய பேரூட்டங்கள் மூன்று. அவற்றைத் தழைச் சத்து, மணிச் சத்து, சாம்பற் சத்து என்று வழங்குகின்றோம். சாம்பற் சத்து என்பது பொட்டாசியம். இது காரணப் பெயர். விறகுச் சாம்பலை நீரிற் கரைத்து, தெளிந்த நீரைச் சட்டியிலிட்டுக் காய்ச்சி எடுத்த உப்பையே மேனாட்டார் முதலில் ‘பொட்டாஷ்’ என்றனர். 1807இல் ஹம்ப்ரி டேவி என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி பொட்டாசியத்தைத் தனியே பிரித்தெடுத்தார்.

நெய்வேலியைச் சூழ்ந்த ஊர்களில் இப்பெயரே ஒரு மயக்கத்துக்கு இடந்தருகின்றது. 1957இல் பழுப்பு நிலக்கரி அகழும் பணி தொடங்கி, 1962 முதல் அனல் மின்சாரம் ஆக்கும் இந்நகரில் சாம்பலுக்குக் குறைவில்லை. “இவ்வளவு சாம்பல் இருக்கச் சாம்பற் சத்தை விலை கொடுத்து வாங்குவானேன்?” என்று உழவர் கேட்டால், அது நியாயமான கேள்வியே. மரம் தன் வேரால் உறிஞ்சிய பொட்டாசியம் விறகுச் சாம்பலில் எஞ்சி நிற்கின்றது. பழுப்பு நிலக்கரியோ நெடுங்காலம் நிலத்தடி நீரில் ஊறிக் கிடந்த தாவரம். பொட்டாசியம் எளிதிற் கரைவதாகலின், அதன் பெரும்பகுதி என்றோ அகன்றுவிட்டது. எனவே இச்சாம்பலில் மணற்சத்தும் அலுமினாவும் சுண்ணாம்பும் மிகுதி, பொட்டாஷ் சொற்பம். சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் அது உதவும். பொட்டாஷ் உரத்துக்கு ஈடாகாது. 1960களில் இங்கு எழுந்து பின்னர் மூடப்பட்ட உரத் தொழிற்சாலை ஆக்கிய யூரியாவும் தழைச் சத்தேயாகும். பொட்டாஷ் உரம் கனடா, ரஷ்யா, ஜோர்டான் முதலிய அயல்நாடுகளிலிருந்து வருவது. ஆதலின் அதை வீணாக்காமல் இடுதல் வேண்டும்.

நெற்பயிருக்கு இச்சத்து என்ன செய்கின்றது? தண்டுக்கு உறுதி தருகின்றது. இலையில் உண்டான மாவுப்பொருள் மணிக்குச் செல்லத் துணைபுரிகின்றது. நோயைத் தாங்கும் வலிமை அளிக்கின்றது. யூரியாவை மிகுதியாக இட்டுப் பொட்டாஷைக் குறைத்தால் பயிர் கரும்பச்சையாகத் தழைக்கும். வடகிழக்குப் பருவமழையில் எளிதிற் சாய்ந்துவிடும். முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் மஞ்சளாகிப் பின் பழுப்பாகக் கருகுதல் இக்குறையின் அடையாளம்.

உரத்தை எத்தனை முறை பிரித்து இடுவது என்பதை மண்ணும் முடிவு செய்கின்றது. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் களிமண் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும். நெய்வேலி, விருத்தாசலம் பக்கத்து மணற்பாங்கான செம்மண்ணுக்கு அந்த ஆற்றல் குறைவு. அங்கு முழு உரத்தையும் நடவின்போதே இட்டால், கதிர் வரும் முன்னரே ஒரு பகுதி நீரோடு கீழிறங்கிவிடும்.

மத்திய, நீண்டகால நெல் இரகங்களுக்கு ஹெக்டேருக்கு 50 கிலோ சாம்பற் சத்து என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை. மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் உரத்தில் நூற்றுக்கு 60 பங்கு சத்து உண்டு. எனவே ஏக்கருக்கு ஏறத்தாழ 34 கிலோ உரம் வேண்டும். இதனை நான்கு சமபங்காக்கி, அடியுரமாக ஒரு பங்கும், தூர் கட்டும்போது ஒன்றும், இளங்கதிர் உருவாகும்போது ஒன்றும், கதிர் வெளிவரும்போது ஒன்றுமாக இடுக. மண்ணைப் பரிசோதித்தவர்கள் அம்முடிவின்படி அளவைக் கூட்டலாம், குறைக்கலாம்.

இளங்கதிர்ப் பருவத்தை அறிவது எப்படி? அறுவடை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுக. எந்த இரகமாயினும் பூத்தபின் முதிர ஏறத்தாழ 30 நாள். இளங்கதிர் தோன்றிப் பூக்க மேலும் 30 முதல் 35 நாள். ஆகவே 135 நாள் நெல்லில், விதைத்த 70ஆம் நாளையொட்டி அப்பருவம் வரும். தாய்த்தண்டை அடியில் நெடுக்காகப் பிளந்தால் சிறிய வெண்முனை ஒன்று தென்படும், அதுவே சான்று.

மேலுரம் இடும் முன் வயலில் நீரை மெல்லிய அளவுக்குக் குறைத்து, வடிமடையை அடைத்துவிடல் வேண்டும். இலையில் பனி உலர்ந்தபின் சீராகத் தூவுக. மழை வருங்குறி தோன்றினால் ஒத்திப்போடுவது நலம்.

இறுதியாக ஒன்று. பயிர் உறிஞ்சும் சாம்பற் சத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலிலேயே தங்குகின்றது. நெல்லை விற்பவர் சிறிதே இழக்கின்றார். வைக்கோலையும் விற்பவர் பெரும்பகுதியை வண்டியேற்றி அனுப்பிவிடுகின்றார். மாட்டுக்கு இட்டால், அச்சத்து சாணத்திலும், அதனினும் மிகுதியாக மூத்திரத்திலும் திரும்பி வரும். தொழுவத்து மூத்திரத்தைக் கூளத்தில் ஊறவைத்து எருக்குழியிற் சேர்ப்பவர், கடையில் வாங்கும் பொட்டாஷில் ஒரு பகுதியைத் தம் வீட்டிலேயே பெறுகின்றார். மின்நிலையத்துச் சாம்பலில் தேடிய சத்து தம் தொழுவத்திலேயே இருப்பதை உழவர் உணர்வாராயின் அதுவே பெரும்பயன்.