ஒரு மலை, இரண்டு சட்டம்!

வைகை அணையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காவிட்டால், ஒரு தடவை ஆண்டிபட்டிப் பக்கம் போய் வாருங்கள். 1959-ம் வருஷம் ஜனவரி மாதம் 21-ம் தேதி, அப்போது முதலமைச்சராயிருந்த காமராஜர் திறந்து வைத்த அணை அது. உயரம் 111 அடி. 71 அடி வரையில் தண்ணீர் தேக்கலாம். இரு கரைகளிலும் பூங்காக்கள், குழந்தைகளுக்கு ஊஞ்சல், பெரியவர்களுக்கு மர நிழல். கட்டுச் சாதத்தைப் பிரித்து வைத்துக் கொண்டு உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது.

அப்படித்தான் நாங்களும் ஒரு நாள் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தோம். மதுரையில் பேசி அமர்த்திய வாடகைக் கார். புளியோதரை தீர்ந்து, தயிர் சாதம் பாதியில் இருக்கும்போது என் பையன் ஆரம்பித்தான்: “அப்பா, இங்கிருந்து தேக்கடி எவ்வளவு தூரம்? யானை பார்க்கலாமாமே!”

நான் டிரைவரைப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்தார். “போயிரலாம் சார், தூரம் ஒண்ணும் பெரிசு இல்லே. ஆனா இந்த வண்டி தமிழ்நாட்டுக்குள்ளே ஓடற வண்டி. கேரளாவுக்கு வரி கட்டி பெர்மிட் போட்டாத்தான் குமுளி தாண்ட முடியும். இல்லேன்னா எல்லையிலே இறங்கி வேற வண்டி பிடிச்சுக்கிடணும்.”

“இந்தத் தண்ணீர் அங்கேயிருந்துதானே வருது? அதுக்குப் பெர்மிட் கேட்கலையே!” என்றான் பையன்.

டிரைவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் கேள்வி மனத்தில் தங்கிவிட்டது.

தண்ணீருக்கும் பத்திரம் உண்டு

பையன் சொன்னதில் பாதி உண்மை. தேக்கடி ஏரியின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகத் தமிழ்நாட்டுப் பக்கம் இறங்குகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் நெல் வயல்களை நனைத்துவிட்டு, முல்லையாறு என்ற பெயரோடு வந்து வைகையில் கலக்கிறது. அணைக்கு வந்து சேரும்போது அதில் எந்தச் சொட்டு எந்த ஊர்ச் சொட்டு என்று யாரால் சொல்ல முடியும்?

ஆனால் அந்தத் தண்ணீரும் சும்மா வந்துவிடவில்லை. அந்தக் காலத்தில் மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர் மகாராஜாவின் தனி ராஜ்யம். இந்தப் பக்கம் வெள்ளைக்காரன் ஆண்ட சென்னை மாகாணம். 1886 அக்டோபர் 29-ம் தேதி இரு தரப்பும் ஒப்பந்தம் எழுதிக் கொண்டன. குத்தகைக் காலம் 999 வருஷம். ஏக்கருக்கு வருஷ வாடகை ஐந்து ரூபாய். அதற்குப் பிறகுதான் பென்னிகுக் துரை அணையைக் கட்டி, 1895-ல் தண்ணீரைத் திருப்பினார். 1970-ல் மறுபடி உட்கார்ந்து பேசினார்கள். வாடகை முப்பது ரூபாயாயிற்று. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை கேரளத்துக்குப் போயிற்று. மின்சாரம் எடுக்கும் உரிமை தமிழ்நாட்டுக்கு வந்தது.

அணையைப் பற்றிய வழக்குகள் பிறகு எத்தனையோ வந்தன. அது வேறு கதை. நான் சொல்ல வந்தது இதுதான்: தண்ணீர் எல்லை தாண்ட வேண்டுமென்றால் இரண்டு சர்க்காரும் ஒரு மேஜையில் உட்கார வேண்டியிருந்தது. மனிதர்கள் தாண்டுவதற்கு மட்டும் அது வேண்டாமா?

மோட்டார் படும் பாடு

1956 நவம்பர் 1-ம் தேதி மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. ஒரே மலைத் தொடரின் இந்தச் சரிவு நமக்கு, அந்தச் சரிவு அவர்களுக்கு என்றாயிற்று. நம் அரசியல் சட்டமோ வாகன வரியை மாநிலங்களின் கையில் கொடுத்திருக்கிறது. ஆகவே மாநிலத்துக்கு ஒரு வரி, மாநிலத்துக்கு ஒரு பெர்மிட். நாலு மாநிலம் சுற்றும் யாத்திரை வண்டிக்காரர் நாலு இடத்தில் நின்று பணம் கட்ட வேண்டும்.

இதைச் சரிக்கட்டத்தான் மத்திய அரசு 2021-ல் உல்லாசப் பயண வாகனங்களுக்கு அகில இந்திய விதிகளைக் கொண்டு வந்தது. 2023-ல் அவற்றைத் திருத்தி எழுதியது. வண்டிச் சொந்தக்காரர் ஓரிடத்தில், அதுவும் வீட்டிலிருந்தபடியே இணையத்தில், கட்டணம் செலுத்தினால் போதும். நாடு முழுவதும் ஓட்டலாம். வசூலாகும் தொகையை மாநிலங்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுப்பார்கள்.

கேட்க நன்றாயிருக்கிறது, இல்லையா? ஆனால் சில மாநிலங்கள், “எங்கள் சாலையில் ஓடும் வண்டிக்கு எங்கள் வரி எங்கே?” என்று கேட்டன. “உல்லாசப் பயணப் பெர்மிட்டை வைத்துக் கொண்டு வழியெல்லாம் டிக்கெட் போட்டு ஆள் ஏற்றுகிறார்களே!” என்றும் குற்றம் சாட்டின. 2025 நவம்பரில் தகராறு முற்றி, தமிழ்நாட்டு ஆம்னி பஸ் உரிமையாளர்கள் கேரளத்துக்குப் போகும் வண்டிகளை நிறுத்தி வைத்தார்கள். டிக்கெட் வாங்கிய ஜனங்கள்தான் திண்டாடினார்கள்.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பஸ் முதலாளியாவது போராடலாம். ஒரே ஒரு காரை வைத்துப் பிழைக்கும் எங்கள் டிரைவர் போன்றவர் என்ன செய்வார்? எல்லை வரை ஓட்டிவிட்டு, அங்கே வரும் கிராக்கியை வேறொருவர் கையில் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

நாற்பத்தைந்து உயிர்கள்

வரியும் வாடகையும் போகட்டும். உயிர் விஷயம் ஒன்று சொல்கிறேன். 2009 செப்டம்பர் 30-ம் தேதி மாலை, தேக்கடி ஏரியில் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்தது. நாற்பத்தைந்து பேர் மாண்டார்கள். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் உண்டு.

படகில் ஏறும் குடும்பத்தினர், “இதற்கு எந்தச் சட்டம், யார் சோதித்தார்கள்?” என்று விசாரித்துவிட்டா ஏறுகிறார்கள்? சர்க்கார் பார்த்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் ஏறுகிறார்கள். ஆனால் 1917-ம் வருஷத்துச் சட்டத்தை வைத்துக் கொண்டு ஒவ்வொரு மாநிலமும் தன் விதியைத் தானே எழுதிக் கொண்டிருந்தது. அந்தப் பழைய சட்டத்தை எடுத்துவிட்டு, 2021-ல் நாடு முழுவதற்கும் ஒரே உள்நாட்டுக் கப்பல் சட்டத்தைப் பார்லிமெண்டு நிறைவேற்றியது. ஒரு மாநிலம் கொடுக்கும் பதிவும் சான்றும் எல்லா மாநிலங்களிலும் செல்லும். ஆளைக் காக்கும் விதி ஊருக்கு ஊர் மாறக் கூடாது என்பது இப்போதாவது சட்டமாயிற்று. அதை ஒவ்வொரு துறையிலும் நடத்திக் காட்டுவதுதான் பாக்கி.

புலிக்கு எல்லைக் கல் தெரியாது

பெரியாறு புலிகள் காப்பகம் 1978-ல் ஏற்பட்டது. அதை ஒட்டினாற்போல் நம் பக்கத்தில் 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகம் ஏற்பட்டது. காலையில் அங்கே தண்ணீர் குடித்த புலி மாலையில் இங்கே வந்து படுக்கலாம். அதனிடம் யாரும் பெர்மிட் கேட்க முடியாது! ஆகவே மனிதர்களுக்கு விதி செய்தார்கள். காப்பகத்தின் உட்பகுதியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உல்லாசப் பயணத்துக்கு விடக் கூடாது என்று 2012-ல் தேசியப் புலிகள் காப்பு ஆணையம் நெறிமுறை வகுத்தது. அது இந்தச் சரிவுக்கும் ஒன்றுதான், அந்தச் சரிவுக்கும் ஒன்றுதான்.

ஆனால் பிளாஸ்டிக் பையைப் பாருங்கள். தமிழ்நாடு 2019-ம் வருஷப் பிறப்பன்று தடை விதித்தது. கேரளம் 2020-ம் வருஷப் பிறப்பன்று. நடுவில் ஒரு வருஷம், எல்லைக்கு இந்தப் பக்கம் குற்றமாயிருந்த பை அந்தப் பக்கம் குற்றமில்லாத பையாக இருந்தது. அதைத் தின்று சாகும் யானைக்கு இந்த வித்தியாசம் தெரியுமா?

உலகம் என்ன செய்கிறது?

1985 ஜூன் 14-ம் தேதி, மோசல் நதியில் நின்ற ஒரு கப்பலில் ஐரோப்பாவின் ஐந்து நாடுகள் கையெழுத்திட்டன. கரையில் இருந்த சின்னஞ்சிறு கிராமத்தின் பெயர் ஷெங்கன். பத்து வருஷம் பேசிப் பேசி 1995-ல் அமலுக்கு வந்தது. இன்று 29 நாடுகள் அந்த ஏற்பாட்டில் இருக்கின்றன; ஒரு விசாவோடு எல்லாவற்றையும் சுற்றி வரலாம். ஆப்பிரிக்காவில் கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றும் 2014 முதல் பயணிகளுக்கு ஒரே விசா கொடுக்கின்றன.

நம் அண்டையிலும் முயற்சி நடந்தது. 2015 ஜூன் 15-ம் தேதி திம்புவில் இந்தியா, வங்க தேசம், நேபாளம், பூடான் நான்கும் மோட்டார் வாகன ஒப்பந்தம் செய்து கொண்டன. ஆனால் பூடானின் மேல்சபை 2016-ல் அதை ஒப்புக்கொள்ளவில்லை. சின்ன நாட்டின் மலைப் பாதைகளை வண்டிகள் அடைத்துக் கொள்ளுமே என்ற பயம். அது நியாயமான பயம். கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் அதே பயத்தினால்தானே?

ஆகவே சட்டங்கள் ஒத்துப் போவது என்றால் கதவை அகலத் திறந்து விடுவது என்று அர்த்தமில்லை. இரண்டு வீட்டுக்காரரும் ஒரே அளவில் திறப்பது, ஒரே நேரத்தில் சாத்துவது என்றுதான் அர்த்தம்.

வருஷத்தில் ஒரு நாள்

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களை நான் சித்ரா பௌர்ணமியன்று குமுளிக்கு வரச் சொல்வேன். எல்லை மலையின் உச்சியில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. அது யாருடைய இடம் என்பதில் இரு மாநிலங்களுக்கும் வழக்கு உண்டு. ஆனாலும் அந்த ஒரு நாளுக்காகத் தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்கள் முன்கூட்டியே கூடிப் பேசுகிறார்கள். எத்தனை மணிக்கு மலைப் பாதையைத் திறப்பது, எத்தனை மணிக்கு இறக்குவது, எந்த ஜீப்புக்கு அனுமதி, குடிதண்ணீர் எங்கே, வைத்தியர் எங்கே என்று எல்லாம் முடிவாகிறது. பிளாஸ்டிக் கூடாது, மது கூடாது. இரு மாநிலத்தாருக்கும் ஒரே விதி. தமிழ்நாட்டுப் பளியங்குடி வழியாக நடந்து ஏறுகிறவர்களும், குமுளியிலிருந்து ஜீப்பில் போகிறவர்களும் ஒரே சந்நிதியில் நின்று கும்பிடுகிறார்கள். வழக்கு அப்படியே இருக்கிறது, வழிபாடும் நடக்கிறது!

ஒரு நாளைக்கு முடிந்தது, மற்ற நாட்களுக்கு ஏன் முடியாது? எல்லையில் இரு மாநிலத்துக்கும் பொதுவாக ஒரே அலுவலகம் வைக்கட்டும். வாடகை வண்டி, படகு, காடு, குப்பை இவற்றுக்கான விதிகளைத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே தாளில் அச்சடித்து இரண்டு பக்கமும் ஒட்டட்டும். பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்து போகும்.

அன்றைக்கு நாங்கள் தேக்கடி போகவில்லை. பெர்மிட் போட்டுப் போக நேரம் போதவில்லை. இருட்டுகிற சமயத்தில் காரில் ஏறினோம். பையன் ஜன்னல் வழியாக அணையைத் திரும்பிப் பார்த்தான்.

“அடுத்த தடவை முதல்லேயே பெர்மிட் போட்டுரலாம், அப்பா” என்றான்.

“போட்டுரலாம், தம்பி” என்று என்னை முந்திக் கொண்டு டிரைவர் பதில் சொன்னார். “அதுக்குள்ளே வேண்டாம்னு ஆயிட்டா இன்னும் நல்லது!”