மடத்துல பீர் காய்ச்சுறாங்க... நம்ம ஊர் ஆசிரமம் கள்ளை ஒழிக்கக் கிளம்புச்சு!

பெல்ஜியம் டூர் ரீல்ஸ்ல மடாலய பீர் பார்த்திருப்பீங்க. டிராப்பிஸ்ட் துறவிகளோட மடங்கள்ல, அவங்க மேற்பார்வையில காய்ச்சுறது. வர்ற லாபம் மடத்துச் செலவுக்கும் தர்மத்துக்கும் போகும். 'வெஸ்ட்விலெட்டெரென்' மடத்துல முன்பதிவு செஞ்சாதான் பாட்டில் கிடைக்கும்.

இப்போ அப்படியே நாமக்கல் பக்கம் வாங்க. திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925-ல் தொடங்கிய காந்தி ஆசிரமம் இருக்கு. இங்கே கதை தலைகீழ். மதுவிலக்குக்காக 'விமோசனம்'னு ஒரு பத்திரிகையே நடத்தினாங்க. அதில் ராஜாஜிக்குத் துணையாக இருந்தவர் கல்கி. ஆமாங்க, 'பொன்னியின் செல்வன்' எழுதின அதே கல்கிதான்!

1937-ல் ராஜாஜி மாகாணப் பிரதமரானதும், அக்டோபர் 1-ம் தேதி மதுவிலக்கு முதலில் அமலானது சேலம் மாவட்டத்தில்தான். நாமக்கல் அப்போ சேலத்துக்குள்ளதான் இருந்துச்சு. சாராய வருமானம் போனதால கஜானாவில் ஓட்டை. அதை அடைக்க 1939-ல் வந்ததுதான் விற்பனை வரி. அப்புறம் மதுவிலக்கு போயிடுச்சு, வரி மட்டும் போகலை!

சரி, டேஸ்ட் பண்ண என்ன இருக்கு? பதநீர். கள்ளும் பதநீரும் ஒரே பனையோட ஒரே பாளையில் வடியுறதுதான். வித்தியாசம், கலயத்துக்குள்ள தடவுற சுண்ணாம்பு. காற்றில் இருக்கிற ஈஸ்ட் சில மணி நேரத்துலயே சர்க்கரையைச் சாராயமா மாத்த ஆரம்பிச்சிடும். சுண்ணாம்பு அதைத் தடுத்துடும். தடவினா பதநீர், தடவாம விட்டா கள். கூடவே போலீஸ் கேஸ். ஏன்னா, தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை.

பக்கத்து கேரளாவில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்குது. இங்கே அரசே டாஸ்மாக்கில் பீர் விக்குது. உயிரைப் பணயம் வெச்சு மரம் ஏறுறவர் இறக்கின கள்ளுக்கு மட்டும் தடையான்னு விவசாயிகள் கேட்குறாங்க. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்குன்னுதான் தோணுது. அதே நேரம், குடியால நொறுங்கின குடும்பங்களைப் பார்த்துதான் ஆசிரமம் இதைக் கையில் எடுத்துச்சு. அதையும் ஒதுக்கிட முடியாது.

கோடையில் இந்தப் பக்கம் போனா, காலையிலேயே பதநீரைத் தேடுங்க. பனையோலைப் பட்டையில் ஊத்தி, நுங்கு போட்டுக் கொடுத்தா விடாதீங்க. நுரை பொங்கி, புளிப்பு தட்டினா அது பதநீர் இல்லை பாஸ்!